அடங்காதவை

பத்தொன்பது வருஷமாகத்
திருத்துறைப்பூண்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
மற்றவர்களுக்குப் படிவம் நிரப்புகிறேன்.
சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம்.
விதைத்த தேதி கேட்டால்
"வெதச்சது ஒரு தேதி, மொளச்சது ஒரு தேதி,
எதப் போடுவ?" என்று சிரிப்பார்
பாமணி நாகரத்தினம்.

இன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எனக்கே ஒரு படிவம்.
சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு தொட்டு,
நாலு ராத்திரி கப்பல்.
திருக்கடையூரில் அவருடைய அறுபதுக்கென்று
எடுத்துவைத்திருந்த பணம்.
"எமனை ஒருதரம் ஒதச்சாச்சு,
அதையே எத்தினி தடவ போய்ப் பாக்குறது?
கப்பல் பாப்பம்" என்றார் அமிர்தகடேசன்,
அந்தச் சாமியின் பெயரையே வைத்துக்கொண்டு.

முதல் கம்பெனி மலிவு.
இரண்டு பேருக்கும் சேர்த்து
ஒரு மூட்டை டிஏபி விலை.
கப்பல் என்ற சொல்லே அதில் இல்லை.
உதவி எண்ணில் கேட்டேன்.
"தரைக்கு வந்தப்புறம் ஆஸ்பத்திரின்னா உண்டு மேடம்."
தரைக்கு வருவதுதானே தம்பி கேள்வி.

இரண்டாவதில் கப்பல் டாக்டர் உண்டு.
ஹெலிகாப்டரில் தூக்கிப்போவது உண்டு.
புயலுக்குப் பயந்து கப்பல் வேறு துறைக்குப் போனால்
அந்த ஏமாற்றத்துக்கும் ஒரு தொகை.
ஏமாற்றத்துக்கு!
இரண்டு முறை படித்தேன்.

எங்கள் காப்பீட்டில்
ஒற்றை ஆளாக அழிந்துபோக முடியாது.
ஊர் மொத்தமும் சேர்ந்து அழிய வேண்டும்.
குலைநோய் உன் வயலை மட்டும் தின்றிருந்தால்
சராசரியில் நீயும் விளைந்தவன்.
கடலில் அப்படியில்லையாம்.
மேல்தளத்தில் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்க
இவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்தாலும்
அது இவருக்கே இவருக்கான நஷ்டம்.
கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நெஞ்சு என்றதும் அந்தக் கட்டம் வந்துவிட்டது:
முன்பே இருந்த நோய்கள்.
தஞ்சாவூரில் வைத்த ஸ்டென்ட்,
வருகிற தை வந்தால் மூன்று வருஷம்.
"சொன்னாத்தான தெரியும்" என்கிறார் போனில்.
சொன்னால் இரண்டாவது கம்பெனி கதவை மூடுகிறது.
மூன்றாவது திறக்கிறது, இரண்டு மடங்கு விலைக்கு.

சொல்லாமல் போட்டுவிடலாம்.
ஆனால் ஏழு ஒன்றாகிப்போய்
மூன்று ஏக்கர் சம்பாவின் பணம் வராமல் நின்றது தெரியும் எனக்கு.
சர்வே எண்ணில் ஓர் இலக்கம்.
தட்டியது இந்த விரல்.
நாகரத்தினம் ஒரு வார்த்தை பேசவில்லை.
அதற்கப்புறம் தேதியை வாயால் சொல்வதில்லை,
சீட்டில் எழுதிக்கொண்டு வந்து
கண்ணாடிக்கு அடியில் தள்ளுகிறார்.

மூன்றாவதைத் திறந்தேன். ஸ்டென்ட்: ஆம்.
அடியில் பொடியெழுத்தில் 'அடங்காதவை':
போர், குடி, பந்தயம்,
தானே வரவழைத்துக்கொண்ட காயம்.
அடங்கல் என்றால் எங்களுக்கு
எந்த மண்ணில் என்ன நிற்கிறது என்று
வி.ஏ.ஓ. போடும் கையெழுத்து.
அடங்காதவைக்கு
இங்கே யாரும் பட்டியல் வைத்ததில்லை.

இறந்தால் உடலைச் சொந்த ஊர் சேர்ப்பது: உண்டு.
ஊர் பெயரைத் தட்டும்போது சிரிப்பு வந்தது.
மேட்டூரில் திறந்த தண்ணியே
கடைமடைக்கு எப்போது வரும் என்று
யாருக்கும் சொல்லத் தெரியாது.
பினாங்கிலிருந்து மனுஷனைக்
கொண்டுவந்து போடுவார்களாம், ஏழு வேலை நாளில்.

ஓடிபி வந்தது.
அதே நேரம் ஷட்டருக்குக் கீழே
நனைந்த இரண்டு கால்கள், மடித்த வேட்டி.
"கடை உண்டா? பதினஞ்சாந்தேதி கடைசின்னாங்க."

ஷட்டரைத் தூக்கினேன்.
சீட்டு ஈரமாகி மை பரவியிருந்தது.
"நீங்களே வாயால சொல்லுங்க" என்றேன்.
சற்று நேரம் என்னைப் பார்த்தார்.
ஒன்று. நாலு. ஏழு.
திரையை அவர் பக்கம் திருப்பி
ஒவ்வோர் இலக்கமாகப் படித்துக் காட்டினேன்.
ஏழு, என்றேன் மறுபடியும்.
ஏழுதான், என்றார்.

மேசைமேல் போன் அணைந்திருந்தது.
ஓடிபி செத்திருக்கும்.
இன்னொன்று கேட்டால் தருவார்கள்.